பேட்டரி செல் ஆலைக்கு மூலப்பொருளை எப்படி உறுதி செய்வது?

கேள்வி இது: ஆண்டுக்கு 1 ஜிகாவாட் மணி அளவுக்கு எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல் தயாரிக்கப்போகும் ஒரு புதிய நிறுவனம், மூலப்பொருளுக்கு இப்போதே என்ன ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்? ஒரு லித்தியம் சுரங்கத்தோடு நீண்டகால ஒப்பந்தம் போட்டுவிட்டால் போதாதா?

போதாது. செல் ஆலையின் வாசலுக்குத் தாது வருவதில்லை. லித்தியம் கார்பனேட்டும்கூட வருவதில்லை. வருவது, கார்பனேட்டையும் இரும்பு பாஸ்பேட்டையும் வேறொருவர் சேர்த்துச் சுட்டு, அரைத்து, கார்பன் பூச்சு ஏற்றி, ஈரம் புகாத பெரிய பைகளில் கட்டி அனுப்பும் கருப்புத் தூள், அதாவது செல்லின் நேர்முனையான கேத்தோடுக்குப் போகும் எல்எஃப்பி தூள். சுரங்கத்துக்கும் அந்தப் பைக்கும் நடுவே மூன்று நான்கு ஆலைகள் இருக்கின்றன. கப்பல் தாமதம், ஏற்றுமதி உரிமம், தரக் குளறுபடி என்று செல் ஆலையை நிறுத்துகிற சங்கதிகளில் பெரும்பாலானவை அந்த நடுப்பகுதியில் நடப்பவை. உங்கள் கையில் இருக்க வேண்டியது, தூளைக் கரைசலாக்கித் தகட்டில் பூசும் உங்கள் கோட்டிங் வரிசையில் ஓட்டிப் பார்த்து ஒப்புக்கொண்ட தூள், குறித்த மாதத்தில் குறித்த அளவில் வந்து சேரும் என்ற உறுதி. சுரங்க ஒப்பந்தம் அதற்கு உதவலாம், ஆனால் அதன் இடத்தை நிரப்பாது.

முதலில் கணக்கைப் போட்டுவிடலாம். கணக்கு இல்லாமல் சப்ளையரிடம் போனால் அவர் சொல்வதுதான் கணக்கு.

எல்எஃப்பி தூள் செல்லுக்குள் நடைமுறையில் கிராமுக்கு 150 முதல் 155 மில்லி ஆம்பியர் மணி தரும், சராசரி மின்னழுத்தம் 3.2 வோல்ட். அப்படியானால் 1 கிலோவாட் மணிக்கு ஏறக்குறைய 2.1 கிலோ தூள் வேண்டும். 1 ஜிகாவாட் மணி என்பது 10 லட்சம் கிலோவாட் மணி, ஆக 2,100 டன். இது விற்பனைக்குப் போகும் செல்லுக்குள் இருக்கும் தூள் மட்டும். ஆலை நன்றாகப் பழகி 90 விழுக்காடு தேறினாலும் 2,333 டன் வாங்க வேண்டும். முதல் ஆண்டில் தேறுவது 70 விழுக்காடு என்றால் 3,000 டன். புது ஆலைகள் கொள்முதல் திட்டத்தில் சறுக்கும் முதல் இடம் இதுதான்: பழகிய ஆலையின் விரயத்தை வைத்து முதல் ஆண்டு ஆர்டரைப் போட்டுவிட்டு, எட்டாவது மாதத்தில் சந்தையில் கிடைத்த விலைக்கு ஓடி ஓடி வாங்குவார்கள்.

அடுத்து லித்தியம். எல்எஃப்பியின் எடையில் லித்தியம் 4.4 விழுக்காடு. 1 டன் எல்எஃப்பி செய்ய, விரயமே இல்லாவிட்டால், 234 கிலோ லித்தியம் கார்பனேட் போதும். தூள் ஆலையில் ஆகும் விரயத்தையும் சேர்த்தால் சுமார் 240 கிலோ. இந்த இரண்டு எண்களையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், பின்னால் பேரம் பேசும்போது கைகொடுக்கும். 2,333 டன் தூளுக்கு ஏறத்தாழ 560 டன் கார்பனேட் ஆகிறது. செல்லுக்குள் நிரப்பும் திரவமான எலக்ட்ரோலைட்டிலும் லித்தியம் இருக்கிறது என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கிலோவாட் மணிக்கு 1.3 கிலோ எலக்ட்ரோலைட், அதில் எட்டில் ஒரு பங்கு லித்தியம் ஹெக்சாஃப்ளூரோபாஸ்பேட் உப்பு என்று வைத்தால், அந்த உப்புக்காக இன்னும் 40 டன் கார்பனேட். மொத்தம் 600 டன்.

மற்றவை: எதிர்முனையான ஆனோடுக்குக் கிராஃபைட் கிலோவாட் மணிக்கு 1 கிலோவுக்குச் சற்று அதிகம், விரயத்தோடு ஆண்டுக்கு 1,150 டன்னை ஒட்டி வரும். தாமிரத் தகடு 300 முதல் 400 கிராம், தடிமனைப் பொறுத்து. இரண்டு முனைகளும் தொடாமல் பிரிக்கும் சவ்வான செப்பரேட்டர் 10 சதுர மீட்டருக்கு மேல். அலுமினியத் தகடு, பைண்டர், கரைப்பான் எல்லாம் அளவில் சிறியவை. ஆனால் தூளைத் தகட்டில் ஒட்டவைக்கும் பிவிடிஎஃப் பைண்டர் 50 டன் வராமல் போனாலும் 2,000 டன் கேத்தோடு தூள் கிடங்கில்தான் தூங்கும்.

இப்போது அந்த 600 டன்னைச் சுரங்கத்தின் கண்ணால் பாருங்கள். 6 விழுக்காடு லித்தியம் ஆக்சைடு உள்ள ஸ்பொடுமீன் (லித்தியம் தாது) செறிவூட்டத்தில் இருந்து 1 டன் கார்பனேட் எடுக்க ஏறக்குறைய 8 டன் செறிவூட்டம் பிடிக்கும். உங்களுக்குத் தேவை 4,800 டன். மேற்கு ஆஸ்திரேலியாவின் கிரீன்புஷஸ் சுரங்கம் ஆண்டுக்கு 10 லட்சம் டன்னுக்கு மேல் அனுப்புகிறது. நீங்கள் கேட்பது அவர்களுடைய இரண்டு நாள் உற்பத்திக்கும் குறைவு. மரியாதையாகப் பேசி அனுப்பிவிடுவார்கள், விலையில் சலுகை இருக்காது. சரி, கிடைத்தே விட்டது என்று வையுங்கள். செறிவூட்டத்தை எங்கே கொண்டுபோய் கார்பனேட் ஆக்குவது? உலகின் லித்தியம் சுத்திகரிப்பில் பாதிக்கு மேல் சீனாவில் நடக்கிறது. கிராஃபைட் ஆனோடு தூளில் 90 விழுக்காட்டுக்கு மேல் அங்கேதான். எல்எஃப்பி தூளில் இன்னும் அதிகம், கிட்டத்தட்ட முழுவதும்.

அதனால் ஒரு அரசாணையில் கதை மாறிவிடும். 2023 டிசம்பர் 1 முதல் பேட்டரிக்கான கிராஃபைட்டைச் சீனாவில் இருந்து ஏற்றுமதி செய்ய உரிமம் வேண்டும் என்றானது. 2025 ஜூலையில் எல்எஃப்பி தூள் தயாரிக்கும் தொழில்நுட்பத்தை வெளிநாட்டுக்குக் கொடுப்பதற்கும் கட்டுப்பாடு வந்தது. இரண்டாவது ஆணையால் தூள் நிற்காது. ஆனால் வெளியே புது ஆலை கட்டுகிறோம் என்று சொல்லும் இரண்டாவது சப்ளையருக்கு உலை வடிவமைப்பும் செய்முறையும் எங்கிருந்து வருகின்றன என்று நீங்கள் கேட்டாக வேண்டும். கேத்தோடில் நிக்கல், கோபால்ட் உள்ளவர்களுக்கு வேறு ஊர்களில் இதே பாடம்: இந்தோனேசியா 2020 ஜனவரியில் நிக்கல் தாது ஏற்றுமதியை நிறுத்தியது. உலகக் கோபால்ட்டில் பெரும்பகுதியைத் தோண்டும் காங்கோ ஜனநாயகக் குடியரசு 2025 பிப்ரவரியில் ஏற்றுமதியை நிறுத்தி வைத்து, பிறகு அக்டோபரில் ஒதுக்கீட்டு முறைக்கு மாறியது.

இரண்டாவது சப்ளையர் என்ற சொல்லிலேயே ஒரு ஏமாற்று உண்டு. இரண்டு நாடுகளில் இரண்டு தூள் ஆலைகளை ஏற்பாடு செய்து நிம்மதியாக இருப்பீர்கள். இரண்டுமே ஒரே இரும்பு பாஸ்பேட் ஆலையில் வாங்குவது பிறகுதான் தெரியும். இரும்பு பாஸ்பேட்டுக்குச் சுத்திகரித்த பாஸ்பாரிக் அமிலம் வேண்டும். உரத்துக்குப் போகும் சாதாரண அமிலம் உதவாது. 1 ஜிகாவாட் மணிக்கு 85 விழுக்காடு அமிலம் ஏறக்குறைய 1,700 டன். அந்தச் சுத்திகரிப்பைச் செய்யும் ஆலைகள் எண்ணிக்கையில் குறைவு. கிராஃபைட்டிலும் இதே நிலைதான். இயற்கைக் கிராஃபைட் சுரங்கம் எங்கே இருந்தாலும், செதிலை உருண்டையாக்கி 99.95 விழுக்காடு தூய்மைக்குக் கொண்டுவரும் இடம் பெரும்பாலும் ஒரே நாடு. உருண்டையாக்கும்போது செதிலில் பாதிக்கு மேல் நுண்தூளாகக் கழிந்துபோகும். செயற்கைக் கிராஃபைட் என்றால் கோக் என்ற கரிப்பொருளை 2,800 முதல் 3,000 டிகிரி வரை சூடேற்றும் உலை வேண்டும், அங்கே மின்கட்டணம்தான் விலையைத் தீர்மானிக்கும். ஆகவே ஒவ்வொரு பொருளுக்கும் குறைந்தது மூன்று படி கீழே போய் ஆலை பெயர், ஊர் பெயரோடு வரைபடம் போடுங்கள். கடைசிப் படியில் இரண்டு கோடுகளும் ஒரே புள்ளியில் சேர்ந்தால், உங்களுக்கு ஒரு சப்ளையர்தான் இருக்கிறார்.

தரத்துக்கு வருவோம். நேரமும் பணமும் அதிகம் கரையும் இடம் இது. கொள்முதல் பிரிவுக்கும் லேபுக்கும் சண்டை மூளும் இடமும் இதுதான்.

பேட்டரி தரக் கார்பனேட் என்றால் பொதுவாக 99.5 விழுக்காடு தூய்மை. அந்த எண்ணை யாரும் காட்டிவிடுவார்கள். மீதி அரை விழுக்காட்டில் என்ன இருக்கிறது என்பதில்தான் வித்தியாசம். உப்புநீரில் இருந்து எடுத்த கார்பனேட்டில் போரான், குளோரைடு, மெக்னீசியம் எட்டிப் பார்க்கும். லெபிடொலைட் பாறையில் இருந்து எடுத்ததில் பொட்டாசியம், ருபீடியம், ஃப்ளூரின். இரண்டுமே 99.5-ஐத் தாண்டியிருக்கலாம். ஆனால் தூள் ஆலை சத்தமில்லாமல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறினால், சுடும் வெப்பநிலையில் ஒரு சின்னத் திருத்தம் தேவைப்படும், தூளின் துகள் அளவு லேசாக நகரும், உங்கள் கோட்டிங் வரிசையில் கரைசல் திடீரென்று கெட்டியாகும். அந்த வாரம் முழுக்க மிக்சர்மீது பழி விழும். மூலகாரணம் மூன்று படி தள்ளி இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு மாதம் ஆகும். அதனால்தான் ஒப்பந்தத்தில் மாற்ற அறிவிப்புப் பிரிவை வலியுறுத்த வேண்டும்: லித்தியம் எங்கிருந்து வருகிறது, எந்த உலை, எந்த ஆலை, எந்த அரைவை இயந்திரம் என்பதில் எதை மாற்றினாலும் 6 மாதம் முன்னால் எழுத்தில் சொல்ல வேண்டும், மாதிரி அனுப்ப வேண்டும், நீங்கள் ஒப்புக்கொள்ளும்வரை பழைய பொருளே வர வேண்டும். விலையில் ஒரு விழுக்காடு விட்டுக்கொடுத்தாவது இந்தப் பிரிவை வாங்கலாம்.

தூளில் உலோகத் துகள் இன்னொரு தலைவலி. எல்எஃப்பியிலேயே இரும்பு இருக்கிறதே, கொஞ்சம் இரும்பு கூடினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. சேர்மமாக இருக்கும் இரும்பு வேறு, அரைவை இயந்திரத்தில் இருந்து உதிர்ந்த உலோக இரும்பு வேறு. உலோகத் துகள் கேத்தோடு பக்கம் கரைந்து, ஆனோடு பக்கம் போய் ஊசிபோல் படிந்து, செப்பரேட்டரைத் துளைக்கும். செல் ஆலையில் சோதனையில் தேறிவிட்டு, வாடிக்கையாளரிடம் போன பிறகு மின்னழுத்தம் இறங்கும். இதை அளக்க, தூளை நீரில் கலக்கி, அதற்குள் பூசப்பட்ட காந்தக் கம்பியைப் போட்டு நெடுநேரம் சுழற்றி, கம்பியில் ஒட்டியதைக் கழுவி அமிலத்தில் கரைத்து ஐசிபி என்ற தனிம அளவீட்டுக் கருவியில் பார்ப்பார்கள். பேசப்படும் அளவு பிபிஎம்மில் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) ஒரு சிறு பின்னம்.

இவ்வளவு நுணுக்கமான சோதனையை மாதிரி எடுக்கும் கரண்டியே கெடுத்துவிடும். பையைத் திறந்து ஸ்டீல் கரண்டியால் அள்ளினால், தூளில் இல்லாத இரும்பும் குரோமியமும் கரண்டியில் இருந்து வந்து சேரும். பிளாஸ்டிக் குழாய்தான் பயன்படுத்த வேண்டும். பையின் மேல், நடு, அடி மூன்றிலும் குத்தி எடுக்க வேண்டும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது, ஒரே லாட்டில் (தயாரிப்புத் தொகுதியில்) முதல் பைக்கும் கடைசிப் பைக்கும் நடுவில் அரைவை இயந்திரத்தில் ஒரு பாகம் தேய்ந்திருக்கலாம். எடுத்ததை மூன்றாகப் பிரித்து முத்திரை வையுங்கள்: ஒன்று உங்களுக்கு, ஒன்று விற்றவருக்கு, ஒன்று தகராறு வந்தால் மூன்றாம் லேபுக்கு. எந்த லேப், எந்த முறை, இரண்டு முடிவுக்கும் எவ்வளவு வித்தியாசம் வரை ஏற்பது, லேப் செலவு யார் தலையில் என்பதெல்லாம் முதல் கப்பல் கிளம்பும் முன் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

எல்எஃப்பி தூளின் விவரக்குறிப்பில் வேதியியல் எண்களுக்குச் சமமாக அழுத்த அடர்த்தி, பரப்பளவு, கார்பன் விழுக்காடு, ஈரம், துகள் பரவல் ஆகியவையும் இருக்க வேண்டும். பரப்பளவு கூடினால் பைண்டரும் கரைப்பானும் அதிகம் குடிக்கும். அழுத்த அடர்த்தி குறைந்தால் அதே செல்லுக்குள் தூள் அடங்காது. மேல்வரம்பு, கீழ்வரம்பு மட்டும் எழுதினால் போதாது. ஒவ்வொரு லாட்டும் வரம்புக்குள்ளேயே இருந்துகொண்டு, ஒன்று மேல் ஓரத்திலும் அடுத்தது கீழ் ஓரத்திலுமாக வந்தால் உங்கள் வரிசை நிலைகொள்ளாது. லாட்டுக்கு லாட்டு எவ்வளவு நகரலாம் என்பதற்கும் ஒரு எல்லை எழுதுங்கள்.

தகுதிச் சோதனைக்கு எவ்வளவு நாள்? காயின் செல்லில் (நாணய அளவுச் சோதனை செல்) பார்க்க இரண்டு வாரம். 100 கிலோ வாங்கி உங்கள் வரிசையில் ஓட்ட, நாள் ஒதுக்கி முடிக்க ஒரு மாதம். பிறகு 45 டிகிரியில் 1,000 சுழற்சி, அதாவது 1,000 முறை சார்ஜ் ஏற்றி இறக்குவது. ஒரு சுழற்சிக்கு இரண்டரை மணி நேரம் என்றால் 2,500 மணி, நூறு நாளுக்கு மேல். இதை எந்தப் பணத்தாலும் சுருக்க முடியாது. அதற்கப்புறம் சில டன் அளவில் மறுஓட்டம், செல் வாங்குபவரின் ஒப்புதல். எல்லாம் சேர்த்து 9 முதல் 12 மாதம், வாகன நிறுவனம் வாடிக்கையாளர் என்றால் இன்னும் நீளும். ஆகவே முதல் சப்ளையர் தடுமாறும்போது இரண்டாமவரைத் தேடுவதில் அர்த்தமே இல்லை. அவர் ஏற்கெனவே தேறியிருக்க வேண்டும். அவருக்கு ஆண்டுதோறும் 20 முதல் 30 விழுக்காடு ஆர்டர் போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஆர்டர் போகாத சப்ளையரின் தகுதி ஓராண்டில் காலாவதி என்று எடுத்துக்கொள்வது நல்லது.

இனி ஒப்பந்தமும் விலையும். தூளின் விலையை இரண்டாகப் பிரித்தே பேசுங்கள்: உள்ளே இருக்கும் லித்தியத்தின் விலை ஒரு சந்தை விலைக் குறியீட்டைப் பின்பற்றி நகரும், செய்கூலி நிலையாக இருக்கும். நகைக் கடையில் தங்கமும் செய்கூலி சேதாரமும் தனித்தனியாக வருவது போலத்தான். சேதாரத்தில் ஏமாறக் கூடாது. முன்னே சொன்ன 240 கிலோவை இங்கே எடுங்கள். சப்ளையர் 1 டன் தூளுக்கு 250 கிலோ கார்பனேட் என்று சூத்திரத்தில் எழுதினால், டன்னுக்கு 10 கிலோ, ஆண்டுக்கு 23 டன் கார்பனேட்டுக்கு நீங்கள் சும்மா பணம் கொடுக்கிறீர்கள்.

அடுத்த ஓட்டை, கால வித்தியாசம். தூளை முந்தைய மாதச் சராசரி விலையில் வாங்குகிறீர்கள், செல்லை முந்தைய காலாண்டுச் சராசரியில் விற்கிறீர்கள் என்று வைப்போம். மாதம் 50 டன் கார்பனேட் அளவு ஓட்டம். விலை டன்னுக்கு 80,000 யுவானில் நின்றுவிட்டு, மாதம் 10,000 வீதம் ஏறுகிறது. காலாண்டின் மூன்று மாதங்களில் நீங்கள் வாங்கிய விலை 80,000, 90,000, 1,00,000. விற்ற விலையோ மூன்று மாதமும் 80,000. இழப்பு 15 லட்சம் யுவான், ஒரு செல்கூடக் கெடாமல். விலை இறங்கினால் இதே வித்தியாசம் லாபமாகத் திரும்பும், ஆனால் புது நிறுவனத்திடம் அதுவரை தாங்கும் நடைமுறை மூலதனம் இருக்காது. வாங்கும் சூத்திரமும் விற்கும் சூத்திரமும் ஒரே குறியீடு, ஒரே மாதம் என்று இருக்கட்டும்.

ஏற்ற இறக்கம் எவ்வளவு என்பதற்கு: சீனச் சந்தையில் லித்தியம் கார்பனேட் 2022 நவம்பரில் டன்னுக்கு 6 லட்சம் யுவானை நெருங்கியது. 2023 முடிவில் 1 லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. உச்சத்தில் பயந்து நிலையான விலையில் ஒப்பந்தம் போட்டவர்களும், கிடங்கை நிரப்பி வைத்தவர்களும் அந்த ஓராண்டில் பட்ட அடி பெரியது. அதனால் முழு நிலை விலையும் வேண்டாம், முழுக் குறியீடும் வேண்டாம். குறியீட்டு விலைக்கு அடித்தளமும் உச்சவரம்பும் வைத்து, அடித்தளத்தைச் சப்ளையரின் உற்பத்திச் செலவை ஒட்டி நிறுத்தினால் இரு தரப்பும் உயிரோடு இருக்கும். விற்பவர் மூடிக்கொண்டு போகும் அளவுக்கு விலை இறங்குவது வாங்குபவருக்கு வெற்றி இல்லை. விலைக் காப்புக்கு சீனாவின் குவாங்சோ எதிர்காலச் சந்தையில் 2023 ஜூலையில் இருந்து கார்பனேட் வர்த்தகம் நடக்கிறது. எதிர்காலச் சந்தையை மட்டும் நம்புபவர்கள் 2022 மார்ச் 8-ஐ நினைவில் வையுங்கள்: லண்டன் உலோகச் சந்தையில் நிக்கல் டன்னுக்கு 1 லட்சம் டாலரைத் தாண்டியது, அன்றைய வர்த்தகங்களைச் சந்தையே ரத்து செய்தது.

அளவு பற்றிய பிரிவுகளில் மூன்றைக் கூர்ந்து படியுங்கள். எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் பணம் என்ற பிரிவு இருந்தால், எடுக்காத அளவை அடுத்த ஆண்டில் எடுத்துக்கொள்ளும் உரிமையைச் சேருங்கள். முதல் ஆண்டு உங்கள் வரிசை தாமதமாகத்தான் ஓடத் தொடங்கும். பற்றாக்குறை வந்தால் எல்லா வாடிக்கையாளருக்கும் விகிதப்படி குறைப்போம் என்ற பிரிவு இல்லாவிட்டால், பெரிய வாடிக்கையாளருக்குப் போக மிச்சம்தான் உங்களுக்கு. ஃபோர்ஸ் மஜூர் (கைமீறிய காரணங்களுக்கான விலக்கு) பிரிவில் அரசின் ஏற்றுமதித் தடை வருமா, உரிமத்துக்கு விண்ணப்பிக்காமல் விட்ட சப்ளையரின் சோம்பலும் அதில் அடங்குமா என்பதைத் தெளிவாக்குங்கள். உரிமத்துக்குக் குறித்த நாளில் விண்ணப்பிப்பது சப்ளையரின் கடமை என்று தனியாக எழுதுவது நல்லது. அந்த விண்ணப்பத்துக்கு உங்களிடம் இருந்து இறுதிப் பயன்பாட்டுச் சான்று கேட்பார்கள், அதைத் தயாராக வைத்திருங்கள்.

கட்டி முடிக்காத சுரங்கத்தோடும் ஆலையோடும் போடும் ஒப்பந்தம் ஏட்டுச் சுரைக்காய். டெஸ்லா 2020-இல் பீட்மான்ட் லித்தியம் நிறுவனத்தோடு, வட கரோலினாவில் வரப்போகும் சுரங்கத்தை நம்பி ஒப்பந்தம் செய்தது. அனுமதிகள் இழுத்தன, தேதி தள்ளியது, 2023 ஜனவரியில் ஒப்பந்தத்தைத் திருத்திக் கியூபெக்கில் உள்ள வேறு சுரங்கத்தின் பொருளுக்கு மாற்றினார்கள். டெஸ்லா அதைத் தாங்கும். முன்பணம் கொடுத்த சிறிய நிறுவனம் தாங்காது. முன்பணம் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் வங்கி உத்தரவாதத்தின்பேரில் மட்டும் கொடுங்கள், கடைசித் தேதி தாண்டினால் தானாகத் திரும்பும்படி எழுதுங்கள். சப்ளையரும் உங்களை இதே கண்ணால்தான் பார்ப்பார். பெரும் முதலீடு திரட்டிய நார்த்வோல்ட் பேட்டரி நிறுவனமே 2025 மார்ச்சில் சுவீடனில் திவாலான பிறகு, புது செல் நிறுவனங்களுக்குக் கடனில் பொருள் தருவதில் யாருக்கும் தயக்கம் இருக்கத்தான் செய்யும்.

கார்பனேட்டை நீங்களே வாங்கித் தூள் ஆலைக்குக் கொடுத்து, கூலிக்குச் செய்து வாங்கும் முறையும் உண்டு. விலை உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும், லித்தியம் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஆதாரமும் இருக்கும். ஆனால் உங்கள் கார்பனேட் அங்கே மற்றவருடையதோடு கலந்துவிடும். அந்த ஆலை கடனில் மூழ்கினால், கிடங்கில் இருப்பதில் எது உங்களுடையது என்று கோர்ட்டில் காட்டுவது கடினம். தனி அடுக்கு, பெயர்ப் பலகை, மாதம் ஒருமுறை நேரில் எண்ணிக்கை, இவை இல்லாமல் இறங்காதீர்கள். 1 ஜிகாவாட் மணி அளவில் இதைவிட எளிய வழி, லித்தியம் யாரிடம் வாங்க வேண்டும் என்று தூள் ஆலைக்கு நீங்கள் பெயர் சொல்லி, விலையையும் நீங்கள் பேசிவிட்டு, பில்லை மட்டும் அவர்களுக்குள் போட்டுக்கொள்ளச் சொல்வது.

கையிருப்பில் எல்லாவற்றுக்கும் இரண்டு மாதம் என்று ஒரே விதி போடுவது கணக்குப்பிள்ளைக்கு வசதி, பொருளுக்கு அல்ல. கிராஃபைட் கெடாது, உரிமச் சிக்கலும் அதற்குத்தான் அதிகம், ஆகவே மூன்று நான்கு மாதம் வைக்கலாம். எல்எஃப்பி தூள் பை பிரிக்காமல் உலர்வாக இருந்தால் நிற்கும், விலை அபாயத்தால் ஒன்றரை மாதம் போதும். 6 மைக்ரான் தாமிரத் தகடு சில மாதங்களில் நிறம் மாறத் தொடங்கும், கெட்ட கிடங்கில் இன்னும் சீக்கிரம். எலக்ட்ரோலைட் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் ஆகாது. துளி ஈரம் சேர்ந்தாலும் உப்பு சிதைந்து ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் உண்டாகும், அதனால் நான்கு முதல் ஆறு வாரம், அதுவும் குளிர்ந்த இடத்தில். எளிதில் தீப்பிடிக்கும் திரவம் என்பதால் எவ்வளவு வைக்கலாம் என்பதைத் தீயணைப்பு அனுமதியும் தீர்மானிக்கும். எலக்ட்ரோலைட்டுக்கு உண்மையான பாதுகாப்பு, லாரி தூரத்தில் ஒரு கலவை ஆலை.

செல் எங்கே விற்கப்போகிறது என்பதை முதலிலேயே முடிவு செய்யாவிட்டால் வாங்கிய பொருளே பயன்படாமல் போகலாம். ஐரோப்பாவுக்கு என்றால் 2027 பிப்ரவரி 18 முதல் மின்வாகன பேட்டரிக்கும் 2 கிலோவாட் மணிக்கு மேற்பட்ட தொழிற்சாலை பேட்டரிக்கும் டிஜிட்டல் பாஸ்போர்ட் தேவை. மூலப்பொருளின் பின்னணியை ஆராயும் கடமை 2027 ஆகஸ்டில் தொடங்குகிறது. 2031 ஆகஸ்ட் முதல் லித்தியத்தில் 6 விழுக்காடாவது மறுசுழற்சியில் வந்திருக்க வேண்டும். அமெரிக்காவுக்கு என்றால், சீனாவின் சின்ஜியாங் பகுதி தொடர்பான கட்டாய உழைப்புத் தடைச் சட்டம் 2022 ஜூனில் இருந்து அமலில் இருக்கிறது. சரக்கு துறைமுகத்தில் நின்றால், சுரங்கம் வரைக்குமான காகிதங்களை நீங்கள்தான் காட்ட வேண்டும். அந்தக் காகிதங்களைப் பிறகு கேட்டு வாங்க முடியாது, ஒவ்வொரு லாட்டோடும் வாங்கிவிட வேண்டும்.

மறுசுழற்சி என்றதும் பழைய பேட்டரி நினைவுக்கு வருகிறது. புது ஆலைக்கு முதல் சில ஆண்டுகளில் கிடைப்பது சொந்தக் கழிவுதான். முதல் ஆண்டில் 3,000 டன் வாங்கி 2,100 டன் செல்லுக்குள் போனால், 900 டன் தூள் கழிவில் இருக்கிறது. அதற்குள் 210 டன் கார்பனேட்டுக்குச் சமமான லித்தியம். எலக்ட்ரோலைட் படாத உலர்ந்த கேத்தோடு வெட்டுகளைத் தனியாகவும், நிரப்பிய பிறகு கழித்த செல்களைத் தனியாகவும் வைத்தால் முதலாவதற்கு நல்ல விலை கிடைக்கும். கலந்துவிட்டால் மொத்தமும் அபாயக் கழிவு விலைக்குத்தான் போகும். எல்எஃப்பியில் நிக்கல், கோபால்ட் இல்லாததால் லித்தியம் விலை சரியும்போது மறுசுழற்சி ஆலை உங்களிடமே பணம் கேட்கும். அதையும் குறியீட்டோடு கட்டி முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள்.

நேரத்தைப் பின்னோக்கி எண்ணினால்: முதல் செல் விற்பனைக்கு 24 மாதம் முன்னால் படி வரைபடமும் சப்ளையர் தேர்வும், 20 மாதம் முன்னால் மாதிரிகள், 12 மாதம் முன்னால் இரண்டு தூள் ஆலைகளும் இரண்டு கிராஃபைட் ஆலைகளும் சுழற்சிச் சோதனையின் நடுவில், 9 மாதம் முன்னால் விலைச் சூத்திரத்தோடு ஒப்பந்தக் கையெழுத்து, 6 மாதம் முன்னால் ஏற்றுமதி உரிம விண்ணப்பம், 3 மாதம் முன்னால் முதல் கப்பல். கட்டடமும் இயந்திரமும் தள்ளிப்போனால் இந்த வரிசையையும் சேர்த்துத் தள்ளிவிடாதீர்கள். சோதனைகளைப் பழைய தேதியிலேயே முடித்துவிட்டு, கப்பலை மட்டும் தள்ளுங்கள்.

சுரங்கத்தோடு நேராகப் பேசும் நாள் வராமல் போகாது. 10 ஜிகாவாட் மணியைத் தாண்டி, ஆண்டுக்கு 6,000 டன் கார்பனேட் வேண்டும் என்ற நிலையில் உங்கள் கையெழுத்தைக் காட்டி ஒரு சுத்திகரிப்பு ஆலை வங்கியில் கடன் வாங்க முடியும், அப்போது சலுகை கேட்கலாம். ஜெனரல் மோட்டார்ஸ் 2023 ஜனவரியில் தாக்கர் பாஸ் லித்தியம் சுரங்கத் திட்டத்துக்காக லித்தியம் அமெரிக்காஸ் நிறுவனத்தில் 65 கோடி டாலர் முதலீடு செய்வதாக அறிவித்தது அந்த அளவிலான ஆட்டம். 1 ஜிகாவாட் மணி நிறுவனம் அந்த முதலீட்டுக்கான பேச்சுவார்த்தையில் செலவழிக்கும் ஆறு மாதத்தில், இரண்டாவது தூள் ஆலையின் 1,000 சுழற்சியை முடித்துவிடலாம்.